அனுஷத்தின் சிவப்புக் கோடு

வீட்டில் பழைய சி.டி. ஏதாவது கிடக்கிறதா? இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தெருவிளக்கு வெளிச்சம் அதன் பளபளப்பான பக்கத்தில் படும்படி சாய்த்துப் பாருங்கள். குட்டி வானவில் தெரியும். (சூரியனிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், கண் போய்விடும்!) சி.டி.யில் மிக நெருக்கமாகச் சுற்றி ஓடும் தடங்கள்தான் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கின்றன.

விண்மீன் ஒளியையும் இப்படிப் பிரிக்கலாம். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய கண்ணாடி வட்டு போதும். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடுகள். அதைக் கேமராவின் முன்னால் திருகித் தொலைநோக்கியில் பொருத்திப் படமெடுத்தால், விண்மீன் ஒரு புள்ளியாகவும், பக்கத்திலேயே அதன் வானவில் ஒரு கோடாகவும் பதியும். அந்த வானவில்லுக்கு நிறமாலை என்று பெயர்.

ஆனால் விண்மீன் வெறும் புள்ளி ஆயிற்றே! அதன் நிறமாலையும் நூல் போல ஒல்லியாகத்தான் இருக்கும். நூலில் என்ன தெரியும்? இதற்கு ஒரு தந்திரம் உண்டு. விண்மீனைத் துரத்திச் செல்லும் தொலைநோக்கி மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். பூமி சுழல்வதால் விண்மீன் மெல்ல நகரும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையாக விழுமே, அதுபோல நூல் ரிப்பனாக அகலும்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது ஒரு வெளிறிய இழுப்புதான் கிடைத்தது. வட்டைத் தப்பாகத் திருகியிருந்தேன். நிறங்கள் விரியும் திசையும் விண்மீன் நகரும் திசையும் ஒன்றாகிவிட, எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. கால் சுற்று திருப்பியதும் சிரியஸ் விண்மீனின் ரிப்பன் விழுந்தது. அதில் நீலப் பக்கம் கத்தியால் கீறியதுபோல் கறுப்புக் கோடுகள்! அங்குள்ள ஹைட்ரஜன் அந்தந்த நிறத்தை விழுங்கிவிட்ட அடையாளம் அது.

திருவாதிரையின் ரிப்பன் வேறு மாதிரி. கோடுகளுக்குப் பதில் அகல அகலமாக நிழல்கள். டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு செய்யும் வேலை அது. சிரியஸின் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 10,000 டிகிரி. அங்கே அந்த மூலக்கூறு உடைந்து போகும். திருவாதிரையில் சுமார் 3,500 டிகிரிதான், அதனால் பிழைத்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை அனுஷத்துடையது. பஞ்சாங்கத்தில் வரும் அனுஷமேதான். தேள் போன்ற விருச்சிகத்தின் தலைப்பக்கம் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களில் நடுவில் உள்ள டெல்டா ஸ்கார்ப்பிதான் அது. 2000ஆம் ஆண்டில், அர்ஜென்டினாவில் ஓர் அமெச்சூர் வானியலர் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, ‘இது வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருக்கிறதே’ என்று கவனித்துச் சொன்னார். நிறமாலையை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பில் ஹைட்ரஜனின் கறுப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஒளிக்கோடு! படுவேகமாகச் சுழலும் அந்த விண்மீன் தன் வாயுவை இடுப்பைச் சுற்றித் தட்டுபோல வீசியிருந்தது. ஒளிர்ந்தது அந்தத் தட்டுதான்.

அதற்கு ஒரு துணை விண்மீனும் உண்டு. ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை மிக அருகில் வந்து போகும். 2011 ஜூலையில் வந்தபோது தட்டு என்ன ஆகிறது என்று பார்க்க, பல நாடுகளின் அமெச்சூர்கள் இரவுக்கு இரவு அந்தச் சிவப்புக் கோட்டைப் பதிவு செய்தார்கள். பெரிய தொலைநோக்கிகளை ஒரே விண்மீனுக்காக அத்தனை இரவுகள் கொடுப்பார்களா என்ன! இவர்களுக்கோ ஓர் ஊரில் மேகம் மூடினாலும் இன்னோர் ஊரில் வானம் திறந்திருக்கும்.

ஜூலை மாதம் சாப்பிட்டு முடித்து மொட்டைமாடிக்குப் போனால், தெற்கே அந்த மூன்றும் தெரியும். நடுவில் இருப்பதைப் பாருங்கள்.