கம்பம் பன்னீர்த் திராட்சையும் இயற்கை வழி வைன் தயாரிப்பும்

கம்பம் பன்னீர்த் திராட்சை என்பது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநிறத் திராட்சை வகையாகும். உலக அளவில் இது மஸ்கட் ஹாம்பர்க் எனப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெரும்பாலும் பழமாகவே விற்கப்படும் இது, சாறும் வைனும் தயாரிக்கவும் ஏற்றது.

சாகுபடி

கொடிகள் பந்தலில் படரவிடப்படுகின்றன. நாசிக் போன்ற பகுதிகளில் கோடையை ஒட்டிய சில மாதங்களில் மட்டுமே அறுவடை நடக்கும். கம்பத்திலோ கவாத்துக் காலத்தை மாற்றி, ஆண்டின் பெரும்பகுதியிலும் பழம் பறிக்கின்றனர். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

இயற்கை வேளாண்மையின் சிக்கல்

மழைக்காலத்திலும் பயிர் இருப்பதால் அடிச்சாம்பல் நோய் எளிதில் தாக்குகிறது. இதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை தெளிக்கப்படுகிறது. 1 விழுக்காட்டுக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் இரண்டிலும் தலா 1 கிலோ தேவை. இயற்கை வேளாண்மை விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆயினும் செம்பு மக்கிப்போவதில்லை. மண்ணில் சேர்ந்து மண்புழுக்களைப் பாதிக்கும். எனவே ஐரோப்பிய ஒன்றியம் எக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்பு என வரம்பு விதித்துள்ளது. ஆகவே, 'இயற்கை' என்ற பெயர் மட்டும் மண்ணைக் காத்துவிடாது. காற்றோட்டம் கிடைக்கும்படி கவாத்து செய்வதும், நோயுற்ற இலைகளை அகற்றுவதும், அளவறிந்து தெளிப்பதும் அவசியம்.

வைன் தயாரிப்பு

பழங்களைக் காம்பு நீக்கி நசுக்கி, தோலுடனேயே நொதிக்க விடுவர். தோலிலிருந்தே சிவப்பு நிறம் இறங்குகிறது. ஈஸ்டுகள் சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 விழுக்காடு ஆல்ககாலைத் தரும்.

நொதித்தலின்போது வெப்பம் உண்டாகும். அது மிகுந்தால் மணம் குறையும், ஈஸ்டும் மடியும். குளிரூட்டலே மின்சாரத்தை அதிகம் கேட்கும் வேலை. மின்கட்டமைப்பைச் சாராத சிறு தோட்டங்கள் விடியலில் பறித்த குளிர்ந்த பழம், சிறு தொட்டிகள், தடித்த சுவர் அல்லது நிலவறை, சூரிய மின்தகடுகள் ஆகியவற்றால் இத்தேவையைக் குறைக்கலாம்.

வைன் கெடாதிருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய விதிப்படி, சர்க்கரை மிகக் குறைந்த இயற்கைச் சிவப்பு வைனில் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாதாரண வைனில் வரம்பு 150.

பொருளாதாரம்

பறித்த திராட்சை மேலும் பழுக்காது, நெடுநாள் தாங்கவும் செய்யாது. இதனால் வரத்து மிகும்போது விவசாயி கிடைத்த விலைக்கே விற்க நேர்கிறது. வைனும் சாறும் இந்நிலைக்கு ஒரு மாற்று வழி. ஆனால் தமிழ்நாட்டில் வைன் தயாரித்து விற்க அரசு உரிமம் கட்டாயம். சிறு விவசாயிகளுக்குச் சாறு தயாரிப்பே எளிய தொடக்கமாக அமையும்.