ஒட்டுப்பலகையும் காடியின் அகலமும்

நூலகத்திற்கும் பள்ளிக்கும் ஊராட்சி மன்றங்கள் செய்விக்கும் ஒட்டுப்பலகை அலமாரிகளிற் சில, ஓராண்டு கழியுமுன்னரே தட்டுகள் ஆடத் தொடங்குவதை நாம் காண்கிறோம். பலகையின் மீதும் பசையின் மீதும் பழி சுமத்துவது வழக்கம். ஆயின் பல நேரங்களில் தட்டு அமரும் காடி, தட்டைவிட அகன்று போனதே உண்மைக் காரணமாகும்.

தச்சர் வழக்கில் ஓர் அங்குலம் என்பது 8 நூல். ஆகவே 6 நூல் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. பேச்சு வழக்கில் 'முக்கால் அங்குலம்' எனப்படும் ஒட்டுப்பலகையோ 18 மி.மீ. கனமுடையது, சில பலகைகள் அதனினும் சற்றுக் குறைந்திருக்கும். முக்கால் அங்குலப் பிட்டை ரூட்டரில் பூட்டி ஒரே ஓட்டத்தில் காடி எடுத்தால் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி விழும். 12 மி.மீ. பலகைக்கு அரையங்குலப் பிட்டைக் கொண்டால் 0.7 மி.மீ. மிகும். வெள்ளைப் பசை நெருங்கிப் பொருந்திய முகங்களைப் பிணைக்க வல்லது. இடைவெளியை நிரப்பிச் சுமை தாங்க வல்லதன்று.

அமெரிக்காவில் இக்குறையைக் கருதி 23/32 அங்குலப் பிட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றின் அளவு 18.26 மி.மீ.; நம் பலகைக்கு அதுவும் சிறிது தளர்வே. 18 மி.மீ. பிட் உண்டெனினும், பலகை 17.6 மி.மீ. ஆக இருப்பின் அதனாலும் பயனில்லை. எனவே பலகையைவிடக் குறுகிய பிட்டைத் தேர்ந்து, பலகையையே அளவாகக் கொள்வதே நன்று.

18 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ. விட்டமுள்ள நேர்வெட்டுப் பிட் போதும். அதன் தண்டுப் பக்கத்தில் பேரிங் இருத்தல் வேண்டும். வெட்டும் பகுதி குட்டையாக, 12 மி.மீ. அளவில் இருந்தால்தான் பேரிங் வழிகாட்டும் சட்டத்தைத் தொட்டு ஓடும். தட்டுக்குரிய அதே பலகையின் துண்டொன்றை நடுவில் வைத்து, 18 மி.மீ. கனமுள்ள நேரான இரு சட்டங்களை இருபுறமும் நெருக்கி இறுக்குக. பின் துண்டை நீக்கி, இடச் சட்டத்தை ஒட்டி முன்னோக்கித் தள்ளி, வலச் சட்டத்தை ஒட்டித் தம்பக்கம் இழுக்க வேண்டும். திசை மாறினால் பொறி கையை மீறும். ஆழம் 6 மி.மீ. போதும், அதனையும் மும்மூன்று மி.மீ. ஆக இருமுறையில் எடுத்தல் நலம்.

ஒட்டுப்பலகையின் பசை சாதாரண எஃகின் கூரை விரைவில் மழுக்கும். ஆதலால் கார்பைடு முனையுள்ள பிட்டையே வாங்குக. 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலப் பிடியில் பூட்டலாகாது, அது 0.35 மி.மீ. தளர்ந்து, ஓடும்போது நழுவக்கூடும். கண்ணாடி அணியாமல் ரூட்டரைத் தொடலாகாது.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவையும் உண்டு. விலைப்புள்ளி கோரும்போது பலகையின் கனத்தை மி.மீ.இல் குறிப்பிடுக. வந்த பலகைகளை வெர்னியர் கொண்டு நான்கு ஓரங்களிலும் அளந்து பார்க்கச் செய்க. கழிவுத் துண்டில் முதற் காடியை எடுக்கச் சொல்லித் தட்டைப் பொருத்திக் காண்க. கையழுத்தத்தில் புகுந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாதிருப்பதே சரியான காடி. சுத்தியல் தேவைப்பட்டால் அது இறுக்கம். தானே நழுவினால் தளர்வு. இச்சோதனைக்கு ஐந்து நிமிடமே ஆகும். அலமாரிக்கு ஊர்ப்பணம் கொடுக்குமுன் அதனைச் செய்துவிடுவது நம் கடமையாகும்.