ரூ.15,900 போனது எங்கே? தாராவி அச்சகத்தில் நடந்த பட விவகாரம்

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை நடத்துகிறார், நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர். போன மாதம் ஒரு நாள், நான் டூட்டி முடிந்து திரும்பும்போது கைதட்டி அழைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கிரெடிட் கார்டு பில்லை நீட்டினார். ஒரு வெளிநாட்டுப் பட நிறுவனம் 3 தடவையாக ரூ.15,900 பிடித்து இருந்தது.

"இந்தப் பயல்தான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டியிருக்கிறான். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பப் போகிறேன்" என்றார்.

பையன் மூலையில் நின்று அழுதுகொண்டு இருந்தான். அவன் அனுப்பும் பணத்தை நம்பி ஊரில் 4 பேர்.

விஷயம் இதுதான். பூ, பிள்ளையார், குத்துவிளக்கு படங்களை இத்தகைய நிறுவனங்களிடம் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். கணக்கு அண்ணாச்சி பெயரில். செலவைப் பங்கு போட்டு 3 கடைக்காரர்கள் ஒரே பாஸ்வேர்டில் படம் எடுத்து வந்தனர். கார்டு மட்டும் அண்ணாச்சியுடையது! (ஒருவர் கணக்கைப் பலர் பயன்படுத்துவது பல நிறுவனங்களின் விதிப்படி தவறு. அது தனிக்கதை.)

இரண்டு வகை லைசென்ஸ்

அழைப்பிதழ், நோட்டீசுக்கு சாதாரண லைசென்ஸ் போதும். பெரிய நிறுவனங்கள் சில, 5 லட்சம் பிரதிகள் வரை அதிலேயே அனுமதிக்கின்றன. படத்தை டி-சர்ட்டிலோ காலண்டரிலோ போட்டு விற்றால்தான் விரிவான லைசென்ஸ் வேண்டும். அதன் விலை பல மடங்கு.

கணக்கில் "டவுன்லோட்" பட்டியலைத் திறக்கச் சொன்னேன். எந்தப் படம், எந்தத் தேதி, எந்த லைசென்ஸ் என்று எல்லாம் வரிசையாக இருந்தது.

ரூ.2,500 தானாகவே புதுப்பிக்கப்பட்ட சந்தா. ரூ.6,700, கபடி குழு டி-சர்ட்டுக்காக கல்யாண் கூட்டாளி எடுத்தது. விற்பனைக்கு என்பதால் நியாயமான செலவுதான். அவரிடம் வசூலிக்க வேண்டும். இன்னொரு ரூ.6,700, வெறும் 300 அழைப்பிதழுக்கு எடுத்த மயில் படம். அந்த ஆர்டர் வந்த தேதியைப் பார்த்தோம். அன்று பையன் நாகர்கோவில் ரெயிலில் இருந்தான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவனே நான்தான்! கடையில் இருந்தவர் அண்ணாச்சியின் மச்சினர்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

பாங்கியில் புகாரா?

"மோசடி என்று பாங்கியில் எழுதிக் கொடுத்தால் பணம் வராதா?" என்று கேட்டார். கூடாது என்றேன். பாஸ்வேர்டை நாமே ஊருக்குக் கொடுத்துவிட்டு மோசடி என்பதா? வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைப் பிறருக்குக் கொடுத்து நஷ்டம் வந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும்வரை அது அவர் பொறுப்பே என்று 2017-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

நிறுவனத்துக்கே இமெயில் எழுதினோம். பட நம்பர், பில் நம்பர், தேதி குறிப்பிட்டு, "தவறுதலாக விரிவான லைசென்ஸ் எடுத்துவிட்டோம். படம் அச்சுக்குப் போகவில்லை. அழித்துவிட்டோம்" என்று எழுதினோம். அது உண்மையும்கூட. கல்யாண வீட்டார் மயில் வேண்டாம் என்று சொல்லியிருந்தனர். கபடிப் படத்துக்குப் பணம் கேட்கவில்லை.

9-ம் நாள் ரூ.6,700 திரும்பி வந்தது. சந்தா பணம் வரவில்லை. தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தினோம். கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை வேண்டாதபோது அணைத்து வைக்கலாம். அந்த வசதியைத் தரும்படி 2020-ல் ரிசர்வ் வங்கி பாங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதையும் செய்தோம்.

பையன் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். புது பாஸ்வேர்டு அவனுக்கும் அண்ணாச்சிக்கும் மட்டுமே தெரியும். மச்சினருக்குச் சொல்லவில்லை.