அணுவுலையும் வருமுன் காத்தலும்

தீயும் நீரும் மக்களுக்கு ஊழியஞ் செய்யும் இரு பெரும் பூதங்கள். அடங்கி நிற்குங்கால் அவை அன்னையினும் இனியன. அளவு மீறுங்கால் கூற்றினும் கொடியன. இவ்விரண்டும் ஒருங்கே அளவு மீறியதொரு நிகழ்ச்சியை ஆராய்ந்து, அணுசக்தியால் மின்சாரம் ஆக்கும் நிலையங்களைப்பற்றி உலகத்தார் கொண்டுள்ள அச்சம் எத்தன்மையது, அவற்றின் வருங்காலம் யாது என்பவற்றைச் சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அணுவுலை இயங்கும் முறையை அறிதல் வேண்டும். யுரேனியம் என்னும் உலோகத்தின் அணுவை நியூட்ரான் என்னும் நுண்டுகள் தாக்க, அவ்வணு பிளந்து மிகுந்த வெப்பத்தை வெளியிடுகின்றது. அப்பிளவினின்று தோன்றும் புதிய நியூட்ரான்கள் வேறு அணுக்களைப் பிளக்கின்றன. இங்ஙனந் தொடர்ந்து பிறக்கும் வெப்பத்தால் நீர் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்ற, மின்சாரம் உண்டாகின்றது. உலையை நிறுத்த விரும்பின், நியூட்ரான்களை உட்கொள்ளும் கோல்களை அதனுட் செலுத்துவர். தொடர்ப்பிளவு சில விநாடிகளில் நின்றுவிடும்.

அங்ஙனமாயின் அபாயம் எங்குளது என வினவலாம். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயின், அணுவுலைக்கு அது பொருந்தாது. பிளவு நின்ற பின்னரும், பிளவுண்ட துண்டுகள் கதிரியக்கத்தால் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே யிருக்கும். உலையை நிறுத்திய கணத்தில் இவ்வெப்பம் அதன் முழு ஆற்றலில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்காகும். ஒரு நாட் கழிந்த பின்னும் ஏறக்குறைய அரைப் பங்கு எஞ்சி நிற்கும். ஆதலின், நிறுத்திய உலைக்கும் இடைவிடாது நீர் பாய்ச்சிக் குளிர்வித்தல் வேண்டும். நீர் பாய்ச்சும் யந்திரங்களுக்கோ மின்சாரம் வேண்டும். ஊருக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் நிலையம், தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரிடம் மின்சாரம் இரந்து நிற்க நேரும் விந்தையை என்னென்பது!

இவ்விந்தை பெருந்துயராய் முடிந்த இடம் ஜப்பான் தேசத்துப் புக்குஷிமா டாயிச்சி நிலையம். 2011-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்தில், கடலடியில் 9 அளவினது என மதிக்கப்பட்ட பூகம்பம் நிகழ்ந்தது. அந்நிலையத்தின் ஆறு உலைகளுள் மூன்று அப்பொழுது இயங்கிக்கொண்டிருந்தன. அம்மூன்றும் விதித்தவாறே உடனே நின்றன. வெளியினின்று வந்த மின்சாரம் அற்றுப்போகவே, டீசல் யந்திரங்கள் தாமே இயங்கத் தொடங்கின. இதுவரை யாவும் செவ்விதின் நடந்தன. ஆயின், ஏறக்குறைய 50 நிமிஷங் கழித்து, 14 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய ஆழிப் பேரலை வந்து மோதிற்று. முதல் நான்கு உலைகளும் நின்ற தளமோ கடல் மட்டத்தினின்று 10 மீட்டர் உயரமே. டீசல் யந்திரங்களுட் பெரும்பாலன கட்டடங்களின் கீழறைகளில் இருந்தமையின் நீரில் மூழ்கின. நீர் பாய்ச்சுவாரின்றி மூன்று உலைகளின் எரிபொருளும் உருகிற்று. அவ்வெரிபொருளைப் போர்த்திருந்த உலோகம் நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிறப்பிக்க, அது திரண்டு வெடித்துக் கட்டடங்களைத் தகர்த்தது.

இனி, அதே கடற்கரையில் வடக்கே ஒனகாவா என்னும் அணுமின் நிலையம் உளது. பூகம்பம் பிறந்த இடத்துக்குப் புக்குஷிமாவினும் அணித்தாயிருந்தது அதுவே. ஆண்டும் 13 மீட்டர் அளவில் அலை எழுந்தது. சிற்சில சேதங்களும் நேர்ந்தன. ஆயினும் உலைகள் பழுதின்றிக் குளிர்ந்தன. வீடிழந்த அண்டையூரார் 300-க்கு மேற்பட்டோர் அந்நிலையத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தனர்! காரணம் யாது? அதனைக் கட்டியோர் பழங்காலத்துப் பேரலைகளின் வரலாற்றை உளங்கொண்டு, தளத்தை ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் அமைத்திருந்தனர்.

கன்மலையின்மேல் வீட்டைக் கட்டினவனையும் மணலின்மேல் கட்டினவனையும் பற்றி வேதத்தில் வாசிக்கிறோம். ஈண்டு வியப்பு யாதெனின், புக்குஷிமாவைக் கட்டியோரும் கன்மலையை நாடியவரே. அவ்விடம் முன்பு 35 மீட்டர் உயரமுள்ள மேடாயிருந்தது. பூகம்பத்துக்கு அஞ்சி உறுதியான பாறையின்மேல் கட்டவேண்டியும், கடல்நீரை எளிதில் இறைக்கவேண்டியும், அம்மேட்டை 10 மீட்டராக வெட்டித் தாழ்த்தினர். நிலத்தை நினைந்தனர், கடலை மறந்தனர். பின்னர் 2008-ம் வருஷத்தில், 15 மீட்டருக்கு மேற்பட்ட அலை வரக்கூடும் என்று அக்கம்பெனியாரின் சொந்தக் கணக்கே காட்டியும், காப்பு வேலை தொடங்கப்படவில்லை. ஜப்பானியப் பார்லிமெண்டு நியமித்த விசாரணைக் குழுவார் 2012-ல் இவ்விபத்தை மனிதரால் விளைந்தது என்றே முடிவு கூறினர்.

விளைவு யாது? கதிரியக்கத்தால் உடனே மாண்டோர் எவருமிலர்; ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். முதியோரும் நோயாளரும் அவ்வலைச்சலில் பலர் உயிர் நீத்தனர். உருகிய எரிபொருளினின்று ஒரு கிராமுக்குங் குறைந்த ஒரு துணுக்கை முதன்முதல் வெளிக்கொணர்ந்தது 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில்தான். எஞ்சியிருப்பதோ நூற்றுக்கணக்கான டன் என மதிக்கின்றனர்.

ஆதலின் அணுவுலைகளின் வருங்காலத்தைக் குறித்து உலகம் இரு மனப்பட்டு நிற்கின்றது. ஜெர்மனி 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி தன் கடைசி மூன்று உலைகளையும் நிறுத்திவிட்டது. அவ்வாண்டு டிசம்பரிலோ, 20-க்கு மேற்பட்ட தேசத்தார் 2050-க்குள் அணுசக்தியை மும்மடங்காக்கப் பாடுபடுவோம் என்று அறிக்கை வெளியிட்டனர். நிலக்கரிப் புகையால் உலகம் வெப்பமுறுகின்றது; அணுவுலை அப்புகையை விடுவதில்லை என்பது அவர் வாதம். அதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. ஆயினும், கோபுரங் கட்ட நினைப்பவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டுமன்றோ? பிரான்சு தேசத்து பிளமான்வில் நிலையத்தின் மூன்றாம் உலையை 2007-ல் தொடங்கி 2012-ல் முடிப்பதாகக் கருதினர். அது மின்சாரம் வழங்கத் தொடங்கியது 2024 டிசம்பரில்.

பணத்தினும் பெரிய செலவு ஒன்றுண்டு. உலைக் கழிவிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகளாகும். மதுரைக்கு அணித்தான மாங்குளத்துக் குகையில் ஏறக்குறைய 2,200 ஆண்டுகட்கு முன் வெட்டிய எழுத்துக்களை, தமிழ் பயிலும் நாமே அறிஞர் துணையின்றிப் படிக்க இயலவில்லை. ஈண்டுத் தோண்டாதீர் என்று நாம் வெட்டிவைக்கும் கல்லை, பத்தாயிரம் ஆண்டுகட்குப் பின் யாவர் படிப்பர்?

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப் பேரலை கல்பாக்கத்து நிலையத்தின் நீரிறைக்கும் மனையுட் புகுந்தது. ஆண்டு இயங்கிய உலை தீங்கின்றி நிறுத்தப்பெற்றது. கூடங்குளத்தில் 2011-ல் கடற்புறத்து மீனவர் அஞ்சி எதிர்த்து நின்றதும், 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்நிலையத்துக்கு இசைவு தந்ததும் யாவரும் அறிவர். அணுவுலை வேண்டும், வேண்டா என்னும் வழக்கைத் தீர்க்க நாம் வல்லோமல்லேம். ஆயின் ஒன்று துணிந்து கூறலாம். ஒனகாவாவைக் காத்தது, வராது என்று எண்ணாமல் வரும் என்று எண்ணிய அச்சமே. அஞ்சுவோரை அறியாதவர் என்று இகழாது, அவர் வினாக்களுக்கு மறைவின்றி விடை கூறுந் தேசமே இத்தீயைக் கையாளத் தகுதியுடையதாம்.