எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

பனமலைக் குன்றின் மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலையும் அடிவாரத்து ஏரியையும் காணும்போதெல்லாம் ஒரு மனு நம் நினைவுக்கு வருகிறது. வேறொரு சிற்றூரார் ஏரிக்கரையைச் செப்பனிட வேண்டி அளித்தது அது. 'எரிக் கறை' என்று எழுதப்பட்டிருந்தமையால், அலுவலகம் ஒன்றில் எரிமேடைக் கோப்பில் சேர்ந்து இரு திங்கள் கிடந்தது. மழையோ காத்திருக்கவில்லை. எழுதிய சிறுமி 247 எழுத்துக்களையும் தடையின்றி ஒப்பிப்பவள்!

ஒப்பித்தல் வேறு, ஒலியைப் பிரித்துணர்தல் வேறு. திண்ணைப் பள்ளிகளில் எழுத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தனர். 'மானா, ரானா, இம்' என்று எத்துணை முறை கூட்டினும் 'மரம்' பிறவாது. ஆகவே, சொல்லை மெல்ல ஒலிக்கச் செய்து, ஒலிக்கொரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுதல் நன்று. ம-ர-ம்: மூன்று. ப-ட்-ட-ம்: நான்கு. கொட்டைகளை வைத்த பின்னரே எழுத்து வரவேண்டும். 2022-இல் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புக்களின் மீது கருத்தைச் செலுத்தியது இவ்வகையில் பொருத்தமே.

ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கள் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. தமிழ்க் குழந்தைக்கு அத்துன்பம் இல்லை. பக்கம், தங்கம், அகம் ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பினும், நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடும். பேச்சில் அதனைக் குழந்தை முன்னரே கற்றுள்ளது. ஆனால் 'கெ' என்பதில் பின்னர் ஒலிக்கும் எகரத்தின் குறியை முன்னர் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே பிள்ளைகள் மயங்குவது இயல்பு; அடித்தல் ஆகாது.

அச்சிறுமியின் பிழைகள் இரண்டும் ஒரே வகையின அல்ல. எரி, ஏரி என்பன செவியால் திருந்துவன. நீட்டியும் குறுக்கியும் சொல்லிக் காட்டினால் போதும். கரை, கறை அப்படியன்று. நம் பேச்சில் ர, ற வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழத்தைப் 'பயம்' என்னும் நாவினர்க்கு ழகரமும் அவ்வாறே. இங்கே செவி துணை செய்யாது. ஏரிக்குக் கரை, துணிக்குக் கறை எனப் பொருளோடு பிணைத்துக் கண்ணுக்குப் பழக்க வேண்டும். சிவப்பு மை இரண்டையும் ஒன்றுபோலவே சுழித்துவிடுகிறது. ந, ன மயக்கத்திற்கு மட்டும் எளிய விதி உண்டு: சொல்லின் முதலில் 'ன' வருவதில்லை, தகரத்திற்கு முன் 'ந்', றகரத்திற்கு முன் 'ன்'.

அம்மனு பின்னர் உரிய கோப்புக்கு மாற்றப்பட்டது. அடுத்து வந்த மனுவில் 'ஏரி' சரியாக இருந்தது. 'கறை' மட்டும் அப்படியே இருந்தது.