கச்சான் காற்றும் ஒரு கோப்பைத் தேநீரும்

ஆடி மாதத்துப் பிற்பகல். திருகோணமலையில் கச்சான் வீசிக்கொண்டிருக்கிறது. கச்சான் என்றவுடன் வறுத்த நிலக்கடலையை நினைந்து நாவூறும் சிறுவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். நான் சொல்வது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை. வீதிப் புழுதியை வாரி முகத்தில் இறைத்து, உதட்டை வெடிக்கச் செய்யும் அந்தக் காற்றுக்கு அஞ்சி, துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே ஒதுங்கும் இடம் தேநீர்க் கடை. ஒரு குவளைத் தேநீர் வருகிறது. அதில் முதலிடம் சீனிக்கு; இரண்டாமிடம் ரின்பாலுக்கு; எஞ்சிய இடந்தான் தேயிலைக்கு. குடித்து முடித்துவிட்டு, "நல்ல சூடு" என்கிறோம். "நல்ல இனிப்பு" என்கிறோம். "இந்தத் தேயிலை எந்த மலையில் விளைந்தது?" என்று கேட்டவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை. நெடுங்காலம் நானும் கேட்டவனல்லன்.

என்னைக் கேட்க வைத்தவர் ஒரு மூதாட்டி. அவருடைய பேரன் என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்த மாணவன். ஒரு வாரமாக அவன் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, யாரோ ஒருவன் அவனைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏசிவிட்டான் என அறிந்தேன். மலையகத் தமிழரை நம்மவர் சிலர் இழிவாகச் சுட்டும் அந்தச் சொல்லை நான் என் இளமையிலும் கேட்டிருக்கிறேன்; கேட்டும் வாளாவிருந்திருக்கிறேன். அந்தக் குற்றவுணர்வோடு அவன் வீட்டைத் தேடிச் சென்றேன்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு இப்பகுதிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் அஃது ஒன்று. பாட்டியார் எனக்கு வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். சீனி இல்லை.

"சீனி கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"ஐயா, மொதல் மூணு வாய் அப்படியே குடிங்க. அதுக்கப்புறமும் வேணும்னா போட்டுத் தர்றேன்" என்றார் அவர்.

முதல் வாயில் துவர்ப்பு. இரண்டாம் வாயில் ஏதோ ஒரு குளிர்ச்சி. தலைவலித் தைலத்தைத் திறந்தவுடன் எழுமே, அத்தகைய மணத்தின் மெல்லிய சாயல். மூன்றாம் வாயில் அந்த மணம் மூக்கின் பின்புறம் வரை ஏறி நின்றது. நான் சீனி கேட்கவில்லை. "அப்புத்தளைப் பக்கம், காத்து அடிக்கிற மாசத்துக் கொழுந்துங்க" என்றார் அவர். எந்தக் காற்று என்று கேட்டேன். "இப்ப இங்க அடிக்குதே, இதே காத்துதான்" என்றார். அன்று தொடங்கியது என் தேநீர்ப் பாடம்.

குளிர் தரும் சுவை

இலங்கைத் தேயிலையை உயரத்தால் மூன்றாக வகுப்பர். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 2,000 முதல் 4,000 அடி வரை இடைநிலத் தேயிலை. அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. நாட்டின் உற்பத்தியிற் பாதிக்கு மேற்பட்டது காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய தாழ்நிலப் பகுதிகளிலிருந்து வருகிறது. அங்கு வெப்பம் மிகுதி, கொழுந்து விரைந்து வளரும், சாயம் கறுத்து இறங்கும், குணமும் அழுத்தமானது. நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கே இரவின் குளிரில் செடி மெல்ல மெல்லவே துளிர்க்கிறது. விளைச்சல் குறைவு, சாயம் வெளிறிய பொன்னிறம், ஆனால் மணமோ மலர்களின் மணம். இதனை 'இலங்கைத் தேயிலையின் ஷாம்பேன்' என்று வர்த்தகர் புகழ்வது வழக்கம்.

ஷாம்பேன் என்பது பிரான்சு தேசத்துத் திராட்சை மது. மது நம் இல்லங்களின் பானமன்று, நானும் அருந்தியவனல்லன். ஆயினும் இந்த ஒப்புமை வீணானதன்று. அந்த மதுவுக்குப் பயன்படும் திராட்சைகளுள் ஒன்று சார்டொனே என்னும் வெண்திராட்சை. அதே சார்டொனே, பிரான்சின் வடபகுதியில் ஷாப்ளி என்னும் குளிர்ந்த சுண்ணாம்பு நிலத்தில் விளையும்போது பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் கலந்தாற்போன்ற கூரிய புளிப்பைத் தருமாம். வெயில் மிகுந்த நாடுகளிற் பயிரானால் அன்னாசி, மாம்பழம் முதலியவற்றை நினைவூட்டும் கனிந்த சுவையைத் தருமாம். கொடி ஒன்றே, குளிரும் வெயிலுமே வேறுபாட்டுக்குக் காரணம். குளிரில் பழம் தாமதமாகக் கனிவதால் புளிப்பு அழியாமல் நிற்கிறது. அந்தப் புளிப்பே அந்த மதுவின் முதுகெலும்பு. நம் தேநீருக்கு முதுகெலும்பு துவர்ப்பு.

இங்கே தமிழருக்கு ஒரு பெருமை உண்டு. மேனாட்டு விஞ்ஞானிகள் துவர்ப்பை ஒரு சுவையாகக் கொள்வதில்லை; நாவின் தொடுவுணர்ச்சி என்பர். நாமோ அதனை அறுசுவையுள் ஒன்றாக வைத்தோம். பாக்கு, வாழைப்பூ, நாவற்பழம் ஆகியவற்றாற் பழகிய நா நம்முடையது. தேநீரை அறிவதற்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமா?

கச்சானின் கைவண்ணம்

வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலை முகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதனிடம் ஈரமில்லை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை அடங்கிய ஊவாப் பகுதியின் மீது வறண்ட காற்றாகப் பாய்ந்து, சமவெளியைக் கடந்து, கிழக்குக் கரையிலுள்ள நம்மைச் சுடுகிறது. இதுவே கச்சான்.

நம்மை வாட்டும் இக்காற்று தேயிலைச் செடியையும் வாட்டுகிறது. வாட்டமுற்ற செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு மணப்பொருள்களைத் தன்னுள் மிகுத்துக்கொள்கிறது. தைலத்தின் சாயல் என்று நான் உணர்ந்தேனே, அது 'மீதைல் சாலிசிலேற்று' என்னும் பொருள். இரசாயனம் கற்கும் மாணவர் அறிவர். மூட்டுவலித் தைலங்களிலும் அதுவே மணக்கிறது. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களைத் தழுவிய யூலை முதல் செப்ரெம்பர் வரையுள்ள காலமே ஊவாத் தேயிலையின் சிறந்த பருவம். மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளப் பகுதிக்கோ பருவம் மாறிவிடுகிறது. நமக்கு வாடை மழை பெய்யும் காலத்தை ஒட்டி அங்கே வறண்ட குளிர்காற்று வீசும். அதனால் சனவரி முதல் மார்ச்சு வரை அங்குச் சிறப்பு. மலையின் இரு புறமும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகள் போலும்.

ருசி பார்ப்போர் கலை

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1883 முதல் கொழும்பில் பகிரங்க ஏலம் நடந்து வருகிறது. அந்த ஏலத்துக்கு வரும் தேயிலையின் விலையை நிர்ணயிக்க இன்றும் மனித நாவே துணை.

ருசி பார்ப்போர் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைப்பர். சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறவிடும் நேரம் 6 நிமிடம். முதலில் உலர்ந்த தேயிலையைப் பார்ப்பர். பின்னர் ஊறிய இலையைப் பார்ப்பர். புதுச் செப்புக்காசு போல் அது மின்னினால் நல்ல தேயிலை. அதன்பின் சாயத்தின் தெளிவு. இறுதியில் ஒரு கரண்டி எடுத்து, காற்றும் சேர 'சர்'ரென்று ஓசையெழ உறிஞ்சுவர். விருந்திற் செய்தால் நம் வீட்டார் கண்டிப்பர்! ஆயினும் காரணம் உண்டு: நா அறிவது சில சுவைகளையே, மணத்தை அறிவது மூக்கு. காற்றோடு உறிஞ்சும்போது ஆவி தொண்டை வழியாக மூக்கின் உட்புறம் ஏறுகிறது. பிறகு விழுங்காமல் உமிழ்ந்துவிடுவர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளைப் பார்ப்பவர் வேறென் செய்வர்?

அவர்கள் தேடுவன நான்கு: மணம், துவர்ப்பின் துடிப்பு, வாயில் நிற்கும் கனம், விழுங்கிய பின் தங்கும் சுவை. துடிப்பில்லாத தேநீர், உப்பில்லாத கஞ்சி.

வீட்டிலே ஒரு பரீட்சை

இதனை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நுவரெலியா, ஊவா, தாழ்நிலம் என உறையில் ஊர் குறித்த மூன்று சிறு பொதிகள் போதும். கோப்பைகள் ஒரே அளவாக இருக்கட்டும். உறையின் பெயரைக் கோப்பையின் அடியில் எழுதி ஒட்டி, இடத்தை மாற்றிவிடுக. பெயர் தெரிந்தால் நா பொய் சொல்லும். 1976 மே மாதம் 24ஆம் தேதி பாரிஸ் நகரில் பெயரை மறைத்து மதுக்களைச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், தம் நாட்டு வெண்மதுக்களை விட்டுக் கலிபோர்னியாவின் சார்டொனே ஒன்றுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுத் திகைத்தனர். நம் வீட்டுத் திகைப்புக்கு அவ்வளவு செலவாகாது.

நீரைப் பற்றி ஒரு சொல். முன்னமே கொதித்து ஆறிய நீரை மீண்டும் காய்ச்சக்கூடாது, தேநீர் சப்பென்றிருக்கும். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரானால் மேலே ஏடு படர்ந்து மணம் மங்கும். வடிகட்டிய நீரே நல்லது. மற்றுமொரு வேடிக்கை: நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது, கடலோரத்தில் 100 பாகை வேண்டும். ஆகவே மலையில் விளைந்த கொழுந்து, விளைந்த இடத்திலும் சூடான நீரை நம் துறைமுகத்திலேதான் காண்கிறது.

முதல் மூன்று வாய் சீனியின்றிக் குடியுங்கள். பிறகு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை.

பறித்த கை

என் பாடத்தில் ஒன்று எஞ்சியிருக்கிறது. பாட்டியார் தம் இளமையிற் பல்லாண்டுகள் கொழுந்து பறித்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலை ஒன்று கலந்தாலும் சுவை கெடும். ஆகவே கொழும்பு நிபுணரின் நா தொடங்குமுன்பே இவருடைய விரல் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஆனால் அக்காலத்தில் அவர் நல்ல தேநீரைக் குடித்ததில்லை! நல்லவை பெட்டியேறிப் போயின. லயத்தில் கொதித்தது கழிவுத் தூள். பின்னர்த் தோட்டத்து 'ஸ்டோரில்' தேயிலை தரம் பிரிக்கும் வேலை கிடைத்தபோதுதான் மணத்தின் வேறுபாட்டைக் கற்றாராம்.

அந்த மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டிலேதான் நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அத்தனை காலமும் உலகம் அவர்கள் பறித்த தேநீரைப் புகழ்ந்து குடித்துக்கொண்டிருந்தது. நாமும் குடித்துக்கொண்டிருந்தோம்; குடித்துவிட்டு, 'தோட்டக்காட்டான்' என்றோம்.

மறுவாரம் பாட்டியாரை எங்கள் வகுப்புக்கு அழைத்தேன். மேசைமேல் அடையாளமின்றி மூன்று கோப்பைகள். மாணவர்கள் முகர்ந்தார்கள்; உறிஞ்சினார்கள்; ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரும்பாலும் தவறு, என் விடையும் ஒன்று தவறிற்று. பாட்டியார் முதற் கோப்பையைக் குடிக்கவேயில்லை. முகர்ந்துவிட்டு, "இது தாழ்நாட்டுத் தூளுங்க" என்றார். அடுத்தது நுவரெலியா, மூன்றாவது ஊவா. பெயர்களைப் புரட்டிப் பார்த்தோம், மூன்றும் சரி. வகுப்பில் ஓசையில்லை. பின்பு பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்துவந்து, "எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பாட்டி?" என்று கேட்டான். ஏசியவன் அவனே என்பது எனக்குத் தெரியும். "பறிச்சவளுக்குத் தெரியாதா, ராசா?" என்றார் அவர்.

பேரன் அடுத்த நாளிலிருந்து வகுப்புக்கு வந்தான். பாட்டியார் அறிந்ததை அவனும் கோப்பை கோப்பையாகக் கற்று வருகிறான்.

வாசகர்களே, கச்சான் இன்னும் சில வாரம் வீசும். அதைச் சபிக்கும்போது, அதே காற்றில் ஊவாவின் சரிவில் கூடையோடு நிற்பவரையும் எண்ணுங்கள். அடுத்த கோப்பையை வாயருகே கொண்டுசெல்லுமுன், ஒரு கணம் நிறுத்தி முகருங்கள். "எந்த மலை?" என்று கேளுங்கள். "யார் கை?" என்றும் கேளுங்கள்.