ஐந்து நொடியில் ஏது சஸ்பென்ஸ்?

கச்சேரி அரங்கம். வாத்தியக் குழு உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. மாடத்து பாக்ஸ் ஒன்றுக்குள் நழுவி வரும் ஒருவன் சாவியைத் தேடுகிறான். சாவி கிடைத்தால் பெட்டி திறக்கும். பெட்டிக்குள் ஒயின் பாட்டில். 2007இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய ‘த கீ டு ரிசர்வா’வின் கதை இவ்வளவுதான். ஸ்பெயின் தேசத்து நுரைக்கும் ஒயின் ஒன்றுக்கான விளம்பரம். நீளம் ஒன்பது நிமிடத்துக்கும் மேல்!

ஹிட்ச்காக் எடுக்காமல் விட்ட படத்தின் மூன்றரைப் பக்கத் திரைக்கதை கையில் சிக்கியதாகவும், அவர் பாணியிலேயே அதை எடுக்கப் போவதாகவும் ஸ்கார்செஸி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். நடுவில் ஒரு பக்கம் வேறு காணோமாம். அத்தனையும் புருடா. பின்னணியில் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) இசை. சாவியும் ஒயினும் ‘நொட்டோரியஸ்’ (1946) ரசிகர்களுக்குக் கண்சிமிட்டல். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே கூட்டங்கூட்டமாகப் பறவைகள். தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவருக்கும் ஒரு குட்டி த்ரில்லர் மிச்சம்.

இந்த வித்தையில் ஹிட்ச்காக்கே முன்னோடி. ‘சைக்கோ’ (1960) டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். கொலை நடந்த இடங்களை வீடு காட்டும் தரகரைப் போல நிதானமாகச் சுற்றிக் காட்டுவார். குளியலறைத் திரையை விலக்கும்போதுதான் அந்த அலறல். படம் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பு வேறு. பார்க்க வந்தவன் முதலிலிருந்து பார்க்க வேண்டும்; காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் இப்போது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டுக் கணக்கு பிரசித்தம். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. இருப்பது நமக்கு முன்பே தெரிந்துவிட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு. அரை நிமிட விளம்பரத்தில் முதல் வகைக்குத்தான் இடம். குளியலறைத் திரை, கத்தியின் நிழல், கிறீச்சிடும் வயலின், கடைசியில் ஷாம்பு பாட்டில். சமர்ப்பணம் என்று பெயர். உள்ளே இருப்பது பூச்சாண்டி.

இப்படியாவது இளைஞர்கள் பழைய படங்களைத் தேடிப் போவார்கள் என்கிறார்கள் விளம்பரக்காரர்கள். சிலர் போகலாம். ஆனால் ஐந்தாவது நொடியில் ‘ஸ்கிப்’ பொத்தானைத் தட்டிப் பழகிய விரல், 1956இல் வந்த ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தின் ஆல்பர்ட் ஹால் காட்சியை என்ன செய்யும்? ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஒரு வசனம் கிடையாது. சிம்பல் மோதும் கணத்தில் துப்பாக்கி வெடிக்கும் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அரங்கில் பாட்டு நடக்கிறது. கதாநாயகி கண்ணீரோடு நிற்கிறாள். சிம்பல்காரர் தன் முறைக்காக அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு அவசரமே இல்லை. இசைத்தாளில் தன் இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். அவர் எழுந்து நிற்கும்வரை பொறுத்திருக்க நம்மில் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்பதுதான் எனக்கு இப்போதிருக்கும் ஒரே சஸ்பென்ஸ்.